அழுதா வரும், தூங்குனா மறையும்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. பத்தாவது படிக்கும்போது சுதந்திர தினத்துக்கு ஒரு தடவை பேசினேன். பாதியிலேயே மறந்துபோய் இறங்கி ஓடிட்டேன். அதனால இந்தத் தடவை எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டு வந்திருக்கேன். தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "கடன் வாங்கி மாடு வாங்குனது, தையல் மெஷின் வாங்குனது எல்லாம் வருஷா வருஷம் பேசுறாங்க. நீ உன் மகனுக்கு நடந்ததைப் பேசு" என்று சொன்னார்கள். நான் முதல்ல மாட்டேன்னுட்டேன். ஏன்னா அது சபையில சொல்லக்கூடிய இடத்துல வந்த வீக்கம் இல்லை. அப்புறம் யோசிச்சேன். அன்னைக்கும் இப்படித்தானே வெட்கப்பட்டு எட்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தோம்னு தோணுச்சு. அதனால வந்துட்டேன். சின்னப் பிள்ளைகளோட உடம்பைப் பத்திப் பேசும்போது சில வார்த்தை வரும். முன்னாடி இருக்கிற பெரியம்மாமார் சிரிக்கக் கூடாது.

எங்க வீட்டுக்காரர் கேரளாவுல ஏலக்காய் எஸ்டேட்டுல வேலை பார்க்கிறார். மாசத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டுல நான், எங்க அத்தை, மூத்தது பொண்ணு, இளையவன் பையன். அப்ப பையனுக்கு ரெண்டரை வயசு. ஒரு நாள் குளிப்பாட்டும்போது சோப்பு கண்ணுல பட்டு வீல்னு கத்தினான். அப்பத்தான் பார்த்தேன். வலது பக்கம் தொடை இடுக்குக்கு மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்துச்சு. தொட்டா மெத்துனு இருந்துச்சு. அவனுக்கு வலிக்கலை. துடைச்சு, பவுடர் போட்டுத் தூங்கவச்சேன். தூங்கினப்புறம் பார்த்தா ஒண்ணுமே இல்லை. கண்ணு ஏமாத்திருச்சோன்னு நினைச்சேன். மறுநாள் முக்கி முக்கி வெளிக்குப் போனான், மறுபடி வந்துச்சு. அழுதா வரும், இருமினா வரும், படுத்துத் தூங்குனா மறைஞ்சிடும்.

அத்தைகிட்டச் சொன்னேன். அத்தை கெட்டவங்க இல்லை. அவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னாங்க. "ஆம்பளப் புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், வளர வளரச் சரியாயிடும். வெளியே சொல்லிக்கிட்டுத் திரியாதே. நாளைப்பின்ன இவனுக்குப் பொண்ணு கொடுக்க யோசிப்பாங்க" என்று சொன்னார்கள். ரெண்டரை வயசுப் பையனுக்கு அப்பவே கல்யாணப் பேச்சு. ஒரு ரூபாய்க் காசை வெள்ளைத் துணியில முடிஞ்சு, அரைஞாண் கயித்தோட சேர்த்து வீக்கத்து மேல அழுந்துற மாதிரி கட்டிவிட்டாங்க. அந்த இடம் வேர்த்துப் புண்ணானதுதான் மிச்சம்.

அத்தைக்குத் தெரியாம டவுன்ல ஒரு கிளினிக்குல காட்டினேன். பஸ்ஸுல போகும்போதே பையன் தூங்கிட்டான். டாக்டர் பார்க்கும்போது வீக்கம் இல்லை. "ஒண்ணும் இல்லையேம்மா" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்துட்டாங்க. நானும் மனசு லேசாகி வந்துட்டேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, பின்னாடி மதுரையில டாக்டரம்மா இந்தக் கதையைக் கேட்டுட்டு, "வீக்கம் இருக்கும்போது செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு வந்திருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க" என்று சொன்னார்கள். நம்ம எல்லார் கையிலயும் இப்ப போன் இருக்கு. பிள்ளைங்க ஆடுறதையும் பாடுறதையும் எடுக்கிறோம். இதையும் எடுத்து வச்சுக்கலாம். யாருக்கும் அனுப்ப வேண்டாம், டாக்டர்கிட்டக் காட்டிட்டு அழிச்சுடலாம்.

அடுத்த மாசம் வீட்டுக்காரர் வந்தப்ப ரெண்டு பேருமா இன்னொரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே நோயைச் சரியாச் சொன்னாங்க. குடலிறக்கம், ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும் என்றார்கள். ஆனா, "கேமரா வச்சு நுண்துளையில பண்ணாத்தான் பையனுக்கு நல்லது. கத்தியில பண்ணா பெரிய தழும்பு விழும். அறுபதாயிரம் ஆகும்" என்றும் சொன்னார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அவர் எதுவும் பேசலை. தீபாவளிக்கு போனஸ் வரட்டும்னு முடிவு பண்ணோம். தீபாவளி வந்துச்சு, போனஸ் பாதிதான் வந்துச்சு, பொங்கலுக்குப் பார்க்கலாம்னு ஆச்சு. இப்படித்தான் எட்டு மாசம் ஓடுச்சு.

மார்கழி மாசம். பையனுக்கு நல்ல சளி, இருமல். ராத்திரி பதினோரு மணிக்கு அழ ஆரம்பிச்சான். வீக்கம் வந்திருந்துச்சு. வழக்கம்போல மறையும்னு மடியில போட்டுத் தட்டினேன். மறையலை. தொட்டா கல்லு மாதிரி இருந்துச்சு. மேல் தோல் செவந்துபோச்சு, கைவச்சாலே துடிச்சான். ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். அத்தை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்னாங்க. எனக்கு என்னமோ பயம் வந்துருச்சு. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அடுத்த தெருவுல இருக்கிற எங்க குழு ஊக்குநர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா தலையைக்கூட முடியாம வந்தாங்க. 108க்குப் போன் பண்ணினது அவங்கதான். அதோட, மறுநாள் பேங்க்ல கட்ட வச்சிருந்த சந்தாப் பணத்துல எட்டாயிரம் ரூபாயை எண்ணி என் முந்தானையில முடிஞ்சுவிட்டாங்க. கையெழுத்து வாங்கலை, தீர்மானம் எழுதலை. பின்னாடி ஆடிட்டுக்கு வந்தவர், தீர்மானம் இல்லாம எப்படி உள்கடன் கொடுத்தீங்கன்னு கேட்டப்ப, "ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பதினஞ்சு பேரை எழுப்பிக் கையெழுத்து வாங்கிட்டா சார் பிள்ளையைத் தூக்குறது" என்று அக்கா கேட்டார்கள். அவர் சிரிச்சுட்டு, அடுத்த கூட்டத்துல எழுதிச் சேர்த்துடுங்கன்னு போயிட்டார். இதோ முன்வரிசையில உட்கார்ந்து என்னை முறைக்கிறாங்க. தன்னைப் பத்திப் பேசக் கூடாதுன்னு நேத்தே சொன்னாங்க.

ஆஸ்பத்திரியில பையனுக்கு வலி குறையவும் அசந்து தூங்கவும் ஊசி போட்டு, காலைக் கொஞ்சம் உயர்த்தி வச்சு, டாக்டர் ரொம்ப நேரம் மெதுவா அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளினாங்க. உள்ளே போனதும் எனக்கே ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. நாமளா வீட்டுல இப்படி அமுக்கக் கூடாது, குடல் கிழிஞ்சுடும்னு அப்பவே கண்டிச்சுச் சொன்னாங்க. வெளியே வந்து மாட்டிக்கிட்ட குடலுக்கு ரத்த ஓட்டம் நின்னா அழுகிடுமாம். பக்கத்துல இருக்கிற விதையும் சேர்ந்து கெட்டுப் போகலாமாம். உள்ளே போயிடுச்சுன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க, மறுபடி மாட்டும்னு சொல்லி, மதுரை பெரியாஸ்பத்திரியில குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தாங்க.

அங்கேதான் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். நான் கேட்ட முதல் கேள்வி, "நான் வெயிட்டான குடம் தூக்கினதால வந்துச்சா? அவனை இடுப்புல தப்பா வச்சிருந்தேனா?" அவங்க ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட்டுக் காட்டினாங்க. ஆம்பளப் பிள்ளைகளுக்கு விதை முதல்ல வயித்துக்குள்ளதான் உருவாகுமாம். பிறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வழியா இறங்கிக் கீழே பைக்கு வருமாம். வந்ததும் அந்த வழி தானா மூடிக்கணும். சில பிள்ளைகளுக்கு மூடாது. நம்ம பாட்டிமார் இடுப்புல செருகியிருக்கிற சுருக்குப் பையை நினைச்சுக்கோங்க. கயித்தை இழுத்துக் கட்டாம விட்டா உள்ளே இருக்கிற பாக்குக் கொட்டை வெளியே வந்துடும்ல, அதே மாதிரி குடல் வந்துடுது. பிறவியிலேயே இருக்கிற திறப்பு அது. குடத்தாலயும் வரலை, இடுப்புல வச்சதாலயும் வரலை. வலது பக்கம்தான் அதிகம் வருமாம். மாசம் நிறையாம பிறந்த பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாம். பொம்பளப் பிள்ளைகளுக்கும் வரும், அவங்களுக்குக் குடலுக்குப் பதிலா சினைப்பை இறங்கி வந்து மாட்டிக்கலாம். அதனால பொண்ணுதானேன்னு விட்டுடக் கூடாது. இந்தத் திறப்பு மருந்தாலயோ கட்டுப் போடுறதாலயோ மூடாது. கண்டுபிடிச்ச உடனே நாள் கடத்தாம ஆபரேஷன் பண்ணணும். ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைன்னா இன்னும் அவசரம், அவங்களுக்குத்தான் சீக்கிரம் மாட்டிக்கும்.

அத்தை காசு கட்டினதையும் சொன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தா திட்டலை. அது தொப்புள் வீக்கத்துக்குக் கட்டுற பழக்கம், இடம் மாறி வந்திருக்குன்னாங்க. தொப்புள் துருத்திக்கிட்டு இருக்கிறது வேற விஷயம். அது பெரும்பாலும் நாலஞ்சு வயசுக்குள்ள தானா மூடிக்கும். காசு கட்டினாலும் மூடும், கட்டாட்டியும் மூடும். பேர் மட்டும் காசுக்குப் போயிடும். ஆனா தொப்புள்ல வந்தாலும் கல்லாகி வலிச்சா உடனே காட்டணும்.

ரெண்டாவதா நான் கேட்டது அந்த அறுபதாயிரம் கேள்வி. "மேடம், கேமரா வச்சுப் பண்ணுவீங்களா, கத்தியில பண்ணுவீங்களா?" அவங்க விரலைக் காட்டினாங்க. "இவனுக்கு நான் போடப்போற வெட்டு இந்த நகத்தளவுக்குக் கொஞ்சம் கூட. ரெண்டு சென்டிமீட்டர். அடிவயித்துல இயற்கையா இருக்கிற மடிப்புக்குள்ளயே போடுவேன், பெரியவன் ஆனா தேடினாலும் கிடைக்காது. அந்தப் பையோட வாயைக் கட்டிவிட்டா வேலை முடிஞ்சது. பெரியவங்களுக்கு மாதிரி வலை எல்லாம் பிள்ளைகளுக்கு வைக்க வேண்டியதில்லை. கேமராவுலயும் பண்ணலாம், தப்பில்லை. அதுல பண்ணா அடுத்த பக்கமும் திறப்பு இருக்கான்னு எட்டிப் பார்த்துக்கலாம், அது ஒரு லாபம். ஆனா அது இல்லாட்டி பிள்ளைக்கு நல்லதில்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்று சொன்னார்கள். எனக்கு அப்ப வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு சென்டிமீட்டரா ரெண்டு சென்டிமீட்டரான்னு தெரியாம எட்டு மாசம் போனஸுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கோம்.

ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாங்க. முந்தின ராத்திரி நர்ஸம்மா வந்து சொன்னாங்க: சாப்பாடு, பால், பிஸ்கட் எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு முன்னாடியே நிறுத்திடணும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைன்னா நாலு மணி நேரம். வெறும் தண்ணி மட்டும் ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் கொடுக்கலாம். நானும் சரி சரின்னு தலையாட்டினேன். காலையில பல் விளக்கப் போன நேரத்துல, பையன் பசின்னு அழுதான்னு அத்தை ரெண்டு பிஸ்கட்டைத் தண்ணியில நனைச்சு ஊட்டிட்டாங்க. ஆறு மணி இருக்கும். ஆபரேஷன் எட்டு மணிக்கு. தியேட்டர் வாசல்ல மயக்க டாக்டர் கேட்டப்ப, பையனே "பிக்கி தின்னேன்" என்று சொல்லிட்டான். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டாங்க. அத்தைக்கு முகம் செத்துப்போச்சு. நான்கூட அப்ப மனசுக்குள்ள டாக்டரைத் திட்டினேன், ரெண்டு பிஸ்கட்டுக்கு இவ்வளவு கெடுபிடியான்னு. அப்புறம்தான் விளக்கினாங்க. மயக்கத்துல இருக்கும்போது வயித்துல இருக்கிறது மேலே எதுக்களிச்சு வந்தா, இருமித் துப்ப முடியாது. நேரா நுரையீரலுக்குள்ள போயிடும். அதுல உயிரே போகலாம். உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷன்னா கூட வர்ற பெரியவங்ககிட்ட "சாப்பிடக் கூடாது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, ஏன் கூடாதுன்னும் சொல்லுங்க. காரணம் தெரிஞ்சிருந்தா எங்க அத்தை கொடுத்திருக்க மாட்டாங்க.

மறுநாள் பண்ணினாங்க. ஒரு மணி நேரம்கூட ஆகலை. எனக்கு அது ஒரு வருஷம் மாதிரி இருந்துச்சு, அதைப் பத்தி அதிகம் எழுதலை. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒரு வாரத்துல தெருவுல ஓடினான். இப்ப மூணாம் வகுப்பு படிக்கிறான். தழும்பைத் தேடித்தான் பார்க்கணும்.

இனி எங்க நாத்தனார் மகள் கதை. அவளுக்கு அப்ப பதினோரு வயசு. கேமரா ஆபரேஷன் எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சது அவளாலதான். ஒரு நாள் காலையில தொப்புளைச் சுத்தி வலிக்குதுன்னா. பள்ளிக்கூடத்துக்குப் போகாம இருக்க நடிக்கிறான்னு நினைச்சாங்க. மதியம் அவளுக்குப் பிடிச்ச கறிக்குழம்பைக்கூட வேண்டாம்னுட்டா. ஒரு தடவை வாந்தி, லேசாக் காய்ச்சல். சாயங்காலம் வலி இறங்கி வலது அடிவயித்துக்கு வந்துருச்சு, கூனிக்கிட்டு நடந்தா. குடலேத்தம் தட்டுறதுக்கு ஒரு பாட்டியைக் கூப்பிட ஆள் அனுப்பிட்டாங்க. நான் அங்கே இருந்தது நல்லதாப் போச்சு. வயித்தை யாரும் தொடக் கூடாதுன்னு சத்தம் போட்டுட்டேன். நாத்தனார் ரெண்டு நாள் என்கூடப் பேசலை, அது வேற கதை. ஆஸ்பத்திரியில ஸ்கேன் பார்த்துட்டுக் குடல்வால் வீக்கம்னு சொன்னாங்க. அதை வெளக்கெண்ணெய் கொடுத்தும் வயித்தை உருவியும் சரி பண்ணப் பார்த்தா வெடிச்சுச் சீழ் வயிறு முழுக்கப் பரவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பச் சீக்கிரம் வெடிச்சுடுமாம்.

அவளுக்கு நுண்துளையிலதான் பண்ணினாங்க. நம்மள்ல நிறையப் பேருக்கு இது புதுசு இல்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைக் கேமரா வச்சுப் பண்ணிக்கிட்டவங்க இங்கேயே இருக்கீங்க. அதே முறைதான். தொப்புள்ல ஒரு சின்ன ஓட்டை போட்டு, வயித்துக்குள்ள கரியமில வாயுவை ஏத்துவாங்க. சோடாவுல பொங்குற அதே காத்து. வயிறு கூடாரம் மாதிரி உயர்ந்ததும் உள்ளே இடம் கிடைக்கும். அதுக்குள்ள விளக்கோட கேமராவை விட்டு, டிவியில பார்த்துக்கிட்டே, இன்னும் ரெண்டு ஓட்டை வழியாப் பேனா ரீபிள் மாதிரி மெலிசான கருவிகளை விட்டு வெட்டி எடுப்பாங்க. வயித்தைப் பெருசாக் கிழிக்காததால வலி குறைவு, புண்ணுல சீழ் வைக்கிறதும் குறைவு. அவ மறுநாளே நடந்தா, மூணாவது நாள் வீட்டுக்கு வந்துட்டா. அந்தக் காலத்துல எங்க பெரியப்பாவுக்கு இதே குடல்வாலுக்கு வயித்துல ஒரு சாண் வெட்டு, ஒரு மாசம் படுக்கை.

இந்த முறையில குடல்வாலை முதல்ல எடுத்தவர் ஜெர்மனி நாட்டுல கர்ட் செம் என்கிற ஒரு பொம்பளைங்க டாக்டர், அதாவது மகப்பேறு டாக்டர். 1980ல பண்ணினாராம். மகப்பேறு டாக்டருக்குக் குடல்ல என்ன வேலைன்னு மத்த டாக்டர்கள் அவரை ஏசினாங்களாம். வார்டுல இருந்த பயிற்சி டாக்டர் பொண்ணு சொல்லுச்சு. நம்மளப் பார்க்கிற டாக்டர்கிட்டயிருந்து வந்த வித்தைன்னு எனக்கு ஒரு பெருமை.

ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி, "அம்மா, தோள்பட்டை வலிக்குது"ன்னு அழுதா. வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டுத் தோள் ஏன் வலிக்கணும், படுக்கவைக்கும்போது கீழே போட்டுட்டாங்களா, காத்தை உள்ளேயே அடைச்சு வச்சுட்டாங்களான்னு நாத்தனார் நர்ஸ்கிட்டச் சண்டைக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிற காத்து மேலே போய் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற சவ்வை உறுத்துமாம். அந்த வலிதான் தோள்ல தெரியுமாம். ரெண்டு மூணு நாள்ல உடம்பு அதை இழுத்து மூச்சுல விட்டுடும். அப்படித்தான் ஆச்சு. இன்னொண்ணு, கையெழுத்து வாங்குற பாரத்துல, தேவைப்பட்டா வயித்தைத் திறந்து பண்ணுவோம்னு ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. உள்ளே வெடிச்சிருந்தாலோ, சரியாத் தெரியாட்டியோ திறந்துதான் பண்ணணும். ஓட்டை சின்னதா இருக்கிறதைவிட வேலை சுத்தமா முடியுறதுதான் முக்கியம்.

இன்னும் ஒரு விஷயம். எங்க குழுவுல இருக்கிற ஒரு தங்கச்சி, தன் பேர் சொல்லாம சொல்லச் சொன்னா. அவளோட குழந்தைக்கு எட்டு மாசம். நல்லா விளையாடிக்கிட்டு இருந்த பிள்ளை திடீர்னு காலை வயித்தோட மடக்கிக்கிட்டு வீறிட்டு அழுதுச்சு. கொஞ்ச நேரத்துல அழுகை நின்னு துவண்டு கிடந்துச்சு. கால்மணி நேரம் கழிச்சு மறுபடி அதே அழுகை. தொக்கம் விழுந்திருக்குன்னு எடுக்கக் கூட்டிட்டுப் போனாங்க. மறுநாள் உரம் விழுந்திருக்குன்னு புடவையில போட்டு உருட்டினாங்க. மலத்தோட ரத்தமும் சளியும் கலந்து செவப்பா, ஜெல்லி மாதிரி வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரி. குடல் சொருகல்னு சொன்னாங்க. சட்டைக் கையை மடிக்கும்போது ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும்ல, அதே மாதிரி குடல் குடலுக்குள்ள போயிடுறது. முதல் நாளே வந்திருந்தா, ஆசனவாய் வழியாத் தண்ணியோ காத்தோ அழுத்தமா ஏத்தி, கத்தியே இல்லாம பெரும்பாலும் விடுவிச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்களாம். ரெண்டு நாள் ஆயிட்டதால குடல் கருத்துப்போய், ஒரு சாணுக்கு மேல வெட்டி எடுத்துச் சேர்த்துத் தைச்சாங்க. பிள்ளை பிழைச்சுது. ஆனா அந்தத் தங்கச்சி இன்னைக்கும் அந்த முதல் நாளைப் பத்திப் பேசினா அழுதுடுவா.

குழந்தை பச்சையா வாந்தி எடுத்தா அதுவும் அப்படித்தான். பால் கக்குறது எல்லாக் குழந்தையும் செய்யும். பச்சை நிறத்துல வந்தா குடல் எங்கேயோ முறுக்கிக்கிட்டோ அடைச்சுக்கிட்டோ இருக்கலாம். விடியட்டும்னு பார்க்கக் கூடாது. பிறந்து மூணு நாலு வாரத்துக் குழந்தை, குடிச்ச பாலை எல்லாம் பீச்சி அடிக்கிற மாதிரி வாந்தி எடுத்துட்டு, உடனே பசின்னு மறுபடி குடிச்சா, இரைப்பை வாய் தடிச்சு அடைச்சிருக்கலாம். அதுக்கும் சின்ன ஆபரேஷன்தான்.

இப்ப பெரியம்மாமார் சிரிக்கக் கூடாதுன்னு சொன்ன இடம். பையனைக் குளிப்பாட்டும்போது கீழே பையில ரெண்டு விதையும் இருக்கான்னு பாருங்க. என் தம்பி மகனுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. ஒன்பது வயசு வரைக்கும் யாரும் கவனிக்கலை. பள்ளிக்கூடத்துக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழுதான் கண்டுபிடிச்சுது. ஆறு மாசக் குழந்தை வரைக்கும் தானா இறங்குதான்னு பார்க்கலாம், அதுக்கு மேல தானா இறங்காது. ஒன்றரை வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணி இறக்கிடணும். வயித்துச் சூட்டுலயே கிடந்தா பின்னாடி குழந்தைப் பேறு பாதிக்கலாம், கட்டி வர்ற வாய்ப்பும் கூடும். என் தம்பி மகனுக்கு விதை கைக்கும் படலை. கேமராவை விட்டு வயித்துக்குள்ள எங்கே இருக்குன்னு தேடித்தான் எடுத்தாங்க. இந்த மாதிரித் தேடுறதுக்குக் கேமராவை விட்டா வேற நல்ல வழி இல்லைன்னு சொன்னாங்க. அந்த மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவையும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவையும் வரும். அன்னைக்குப் பிள்ளைகளை லீவு போட வைக்காதீங்க.

வயசுக்கு வர்ற பையன்கள் பன்னெண்டு, பதினாலு வயசுல திடீர்னு அடிவயிறு வலிக்குதுன்னு சொன்னா, வெட்கத்துல இடத்தை மாத்திச் சொல்லலாம். விதை முறுக்கிக்கிட்டிருந்தா ஆறு மணி நேரத்துக்குள்ள சரி பண்ணணும், இல்லாட்டி விதை செத்துடும். அப்பா ஊர்ல இல்லாத வீட்டுல அம்மாதான் கேட்கணும். சங்கடம்தான், கேட்டுடுங்க.

பணத்தைப் பத்திச் சொல்லிட்டு முடிச்சுடுறேன். அறுபதாயிரத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்தப்ப, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை என் பீரோவுலதான் இருந்துச்சு. அது பெரிய இருதய ஆபரேஷனுக்கு மட்டும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பிள்ளைகளோட ஆபரேஷன் பலதும் அதுல இருக்கு. நாத்தனார் மகளுக்கு அந்த அட்டையிலதான் நடந்துச்சு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா வாங்கலாம். கிராம நிர்வாக அலுவலர்கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கிட்டுக் கலெக்டர் ஆபீஸுல இருக்கிற மையத்துக்குப் போகணும். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் உண்டு. ஏற்கெனவே அட்டை இருக்கிறவங்க, அதுல கடைசியாப் பிறந்த பிள்ளை பேர் சேர்ந்திருக்கான்னு இன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் பாருங்க. எங்க அட்டையில என் மகன் பேர் இல்லை, அவன் பிறக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது. பெரியாஸ்பத்திரியில ஆபரேஷனுக்குப் பணம் கேட்கலை, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மருந்துக்கும்தான் அந்த எட்டாயிரத்துல செலவாச்சு. மிச்சம் 3,400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துட்டு, மீதியைப் பத்து மாசத்துல அடைச்சேன். வட்டியோட. ஊக்குநர் அக்கா வட்டியில ஒரு ரூபாய்கூட விடலை.

சபையில கேட்க வெட்கமா இருக்கிறவங்க, சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்துல தண்ணி கொடுக்கிற இடத்துலதான் நான் நிற்பேன். செவிலியர் அம்மாவும் நாலு மணி வரைக்கும் இருப்பாங்க.